பிரௌசரில் தமிழ்த் தலைப்பை நெருக்கி நிறத்தை மங்கலாக்கினால், எழுத்துகள் தொடும் இடம் மட்டும் கறுப்பது ஏன்?

கேள்வியில் இரண்டு சங்கதி இருக்கிறது. லெட்டர் ஸ்பேசிங்கை (எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) மைனஸில் வைத்து நிறத்தை ஆர்ஜிபிஏ-வில் (நிறத்தோடு ஒளிபுகும் அளவையும் சேர்த்துச் சொல்லும் முறையில்) 0.5 என்று மங்கலாக்கினால் எழுத்துகள் உரசும் இடத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கிறது, பிளஸில் வைத்தால் தலைப்பு நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் பிரௌசரைத் திட்ட வேண்டாம், நாம் சொன்னதைத்தான் அது செய்கிறது.

நான் இதில் மாட்டிக்கொண்டது 'கோலம்' என்ற ஒரே சொல்லில். 72 பிக்சல் தலைப்பு, லெட்டர் ஸ்பேசிங் மைனஸ் 0.06 எம் (ஒரு எம் என்பது எழுத்தின் அளவு, இங்கே 72 பிக்சல்), அதாவது நான்கு பிக்சல் சொச்சம் நெருக்கம். 'கோ'வின் கடைசிக் காலும் 'ல'வின் வளைவும் லேசாக ஏறிக்கொண்ட இடத்தில், காபி சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு கறை. எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று எழுத்துரு மாற்றிப் பார்த்து அரை நாள் போனது.

நிறத்திலேயே ஒளிபுகும் தன்மையைக் கொடுத்தால், நீர்த்த மையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுகிறது. இரண்டு குத்து ஒரே இடத்தில் விழுந்தால் 0.5 மேல் மிச்சத்தில் பாதியான 0.25 சேர்ந்து 0.75 அடர்த்தி ஆகிவிடும், அதுதான் அந்தக் கறை. நிறத்தை விட்டுவிட்டு, மொத்தத் தலைப்பையும் மங்கவைக்கும் ஒபாசிட்டியை 0.5 என்று கொடுத்தால் கதை வேறு: பிரௌசர் முதலில் மொத்தத் தலைப்பையும் முழுக் கறுப்பில் தனித் தாளில் வரைந்துகொண்டு, பிறகு அந்தத் தாளையே பாதியாக மங்கவைத்துப் பக்கத்தின் மேல் போடுகிறது. முழுக் கறுப்பின் மேல் முழுக் கறுப்பு விழுந்தால் கூடுதலாகக் கறுக்க என்ன இருக்கிறது? அரபி எழுத்துகள் இயல்பாகவே ஒன்றோடொன்று இணைபவை என்பதால், நெருக்காமலே இந்தக் கறைத் தொல்லை அரபித் தலைப்புகளுக்கு உண்டு.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒபாசிட்டி போட்டுவிடலாமா என்றால், அதற்கும் விலை இருக்கிறது. உள்ளே இருக்கும் படம், பின்னணி எல்லாம் சேர்ந்தே மங்கும், உள்ளிருப்பதற்கு மட்டும் 1 என்று எழுதினாலும் மீளாது, ஏனென்றால் இரண்டும் பெருக்கப்படுகின்றன. 1-க்குக் கீழே இறங்கிய உடனே அது தனி அடுக்காகிவிடும், அதற்குள் இருக்கும் மெனுவுக்கு இசட் இண்டெக்ஸ் (எது மேலே வர வேண்டும் என்று சொல்லும் எண்) 9999 கொடுத்தாலும் வெளியே இருப்பதற்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் (இதில் தலையைப் பிய்த்துக்கொள்ளாத ஆள் இருக்கிறாரா?). பின்னணி ஒரே நிறமாக இருந்தால் நான் ஒளிபுகவே விடுவதில்லை. வெள்ளையின் மேல் பாதிக் கறுப்பு என்பது வெறும் சாம்பல்தானே, அந்த நிறத்தையே நேரடியாகக் கொடுத்துவிட்டால் கறையும் இல்லை, அடுக்குச் சிக்கலும் இல்லை.

நடுவில் நிற்காததற்குக் காரணம் சின்னது. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இடைவெளி சேர்க்கும் பிரௌசர், கடைசி எழுத்தையும் விடுவதில்லை. 72 பிக்சலில் 0.2 எம் என்றால் வலப்பக்கம் 14.4 பிக்சல் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும், தலைப்பு அதில் பாதி, 7.2 பிக்சல், இடப்பக்கம் நகர்ந்து தெரியும். அதே 0.2 எம்-ஐ பேடிங் லெஃப்டாக (இடப்பக்க உள் இடைவெளியாக) கொடுங்கள், சரியாகிவிடும்.

தமிழுக்கு மட்டும் ஒன்று. இடைவெளி நம் கண்ணுக்குத் தெரியும் உருவங்களுக்கு நடுவே விழாது, முழு எழுத்துக்குப் பிறகுதான் விழும். 'கோ'வில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு தெரிந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். ஆகவே அகலமாகப் பரப்பினால் 'கோ' ஒரு கட்டியாகவும் 'ல', 'ம்' அநாதையாகவும் நிற்கும். இங்கிலீஷ் தலைப்பில் அழகாக இருக்கும் 0.3 எம் தமிழில் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டி 'கோ ல ம்' என்று எழுதிவிடாதீர்கள், பிறகு பக்கத்தில் 'கோலம்' என்று தேடினால் கிடைக்காது.

எழுத்தெழுத்தாக மங்கலிலிருந்து தோன்றும் அனிமேஷன் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சும்மா ஸ்ப்ளிட் செய்தால் 'கோலம்' ஐந்து துண்டாகும் (க, ஓகாரக் குறி, ல, ம, புள்ளி), தனியே விழுந்த ஓகாரக் குறி புள்ளி வட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரும். முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) கொண்டு பிரியுங்கள், கோ, ல, ம் என்று மூன்றாக வரும். குரோமில் 2020 முதலே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் 125-ஆம் பதிப்பில்தான் வந்தது. 'லக்ஷ்மி'யை மட்டும் அதுவும் க், ஷ் என்று பிரித்துவிடும், க்ஷ கூட்டெழுத்து உடையும். அதற்கு நான் கையால் ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறேன்.