கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்தது, இன்று கேரளத்தில் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் ஏன் வரவில்லை?

மொழிதான் அளவுகோல் என்று நாம் நினைக்கிறோம். மாநில எல்லைகளை மறுசீரமைக்க அமைக்கப்பட்ட ஃபசல் அலி ஆணையம் அப்படி நினைக்கவில்லை. 1955-இல் தந்த அறிக்கையில், ‘ஒரு மொழிக்கு ஒரு மாநிலம்’ என்ற கொள்கையையே அது ஏற்கவில்லை. மொழியோடு நிர்வாக வசதி, பொருளாதாரம், நாட்டின் ஒற்றுமை எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட்டது.

திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்தனர், சென்னை மாநிலத்தோடு நிலத்தொடர்பும் இருந்தது. அதனால் சிக்கல் குறைவு. 1956 நவம்பர் 1 அன்று அவை சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது.

தேவிகுளம், பீர்மேடு கதை வேறு. அங்கும் தமிழ் பேசுவோர் அதிகம்தான். ஆனால் அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்துபோகும் தொழிலாளர்கள், நிலையான குடிகள் அல்ல என்று ஆணையம் கருதியது. பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் இந்தக் கணக்கில் அடைத்தது நியாயமா என்பது என் சந்தேகம். அப்புறம், தேயிலை, ஏலக்காய், நீர்வளம் உள்ள அந்த மலைப்பகுதி கேரளப் பொருளாதாரத்துக்குத் தேவை என்ற வாதமும் எடுபட்டது.

சரி, இந்த எல்லையை இன்று மாற்ற முடியுமா? அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தால் முடியும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அது கட்டுப்படுத்தாது. திருத்தணி 1960-இல் ஆந்திரத்திலிருந்து வந்தது அப்படி ஒரு சட்டத்தால்தான்.