சுடுதண்ணி வேறாக, பால்மா வேறாக

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். தாய்ப்பால் போதாததால் டாக்டர் சொல்லிப் பால்மாவும் கொடுக்கிறேன். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் நாட்களில் விடியவே பால் கரைத்துப் பிளாஸ்கில் ஊற்றிக்கொள்வேன். இரவுப் பாலையும் படுக்குமுன் கரைத்து மேசையில் வைத்துவிடுவேன், இங்கேதான் குளிராச்சே. இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்துவிட்டது. எங்கே பிழை?
– ஒரு தாய், நுவரெலியா

பதில்: வயிற்றோட்டத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் பாலை முன்கூட்டியே கரைத்து வைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. சீல் உடைக்காத டின்னிலும் குரோனோபக்டர், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். மா காய்ந்திருக்கும்வரை அவை பெருகுவதில்லை. தண்ணீர் பட்டு இளஞ்சூட்டில் நின்றால் மளமளவென்று பெருகும். பிளாஸ்க் அந்த இளஞ்சூட்டைத்தான் மணிக்கணக்காகக் காத்துக் கொடுக்கிறது. நுவரெலியாக் குளிரையும் நம்பாதீர்கள். கரைத்த பாலைப் பாதுகாக்க 5 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர் வேண்டும். ஆட்கள் படுத்திருக்கும் அறை அவ்வளவு குளிராது.

பிளாஸ்கில் கொதித்த தண்ணீர் மட்டும் போகட்டும். முதலில் கொஞ்சம் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பிய பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். உங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். கரைக்கும்போது 70 பாகைக்குக் குறையக்கூடாது. அந்தச் சூடுதான் மாவிலுள்ள கிருமிகளைக் கொல்கிறது. கேத்தலில் கொதித்ததை அரைமணிக்கு மேல் ஆறவிடாதீர்கள், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். ஆறவைத்த நீரில் கரைக்கச் சொல்லும் டின்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 70 பாகைதான்.

ஒவ்வொரு வேளைக்குமான மாவை நன்றாகக் காய்ந்த, மூடியுள்ள சின்ன டப்பாக்களில் தனித்தனியே அளந்து எடுங்கள். போத்தல்களை அவித்து, மூடி பூட்டியே கொண்டுபோங்கள். பிள்ளை கையைச் சூப்பத் தொடங்கியதுமே, அழும்வரை காத்திராமல், கரைக்க ஆரம்பியுங்கள். முதலில் தண்ணீர், பிறகு மா. மாவை முதலில் போட்டால் தண்ணீர் அளவு தப்பிவிடும். அந்த டின்னோடு வந்த கரண்டியால் தலைதட்டி அளக்கவேண்டும். எத்தனை கரண்டி என்பது டின்னுக்கு டின் மாறும். செலவு பார்த்து ஒரு கரண்டி குறைத்தால் பிள்ளையின் நிறை ஏறாது. கூட்டிப் போட்டால் மலம் இறுகும், உடலில் நீர் வற்றும்.

இனி ஆற்றவேண்டும். ஆழமான மக்கில் பச்சைத்தண்ணீர் விட்டு, மூடிய போத்தலை அதில் நிறுத்திச் சுழற்றுங்கள். தண்ணீர் போத்தலின் கழுத்துக்குக் கீழேயே இருக்கட்டும், சூப்பியில் படக்கூடாது. சுழற்றாவிட்டால் வெளிப்புறம் ஆறியும் நடுவில் சூடு நிற்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். பஸ்ஸில் ஆடிக்கொண்டு கொதிநீர் ஊற்றவேண்டாம்; கம்பளையில் பஸ் நிற்கும்போது கரைக்கலாம்.

இரவுக்கும் இதே முறைதான்: பிளாஸ்க், காய்ந்த போத்தல்கள், அளந்த மா, மக். தாய்ப்பால் கொஞ்சம் சுரந்தாலும் முதலில் அதைக் கொடுங்கள்.

கரைத்த பாலை இரண்டு மணிநேரத்துக்குமேல் வைக்கவேண்டாம். பிள்ளை வாய்வைத்து மிச்சம் விட்டதை மறுபடி சூடாக்காமல் கொட்டிவிடுங்கள். மறுபடியும் வயிற்றோட்டத்தோடு காய்ச்சலோ, சிறுநீர் குறைவோ, சோர்வோ தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.