மூன்றாவது பந்து எழும்பாவிட்டால் பரவாயில்லை

கேள்வி: எனக்கு வயது 43. உடல் எடைக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து மூன்று வாரம். மூன்று பந்து மூச்சுக் கருவியில் இரண்டுதான் எழும்புகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நுரையீரல் சுருங்கிவிடும் என்று யூடியூபில் சொன்னார்கள். மூச்சுத் தசைக்கான கருவி ஒன்றையும் ஒன்லைனில் வாங்கினேன், தலை சுற்றுகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் ஆஸ்துமா மருந்தான வென்டோலினை இழுத்துப் பார்க்கிறேன். வயிறு கடமுடவென்கிறது, முடியும் கொட்டுமாமே?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நுரையீரல் சுருங்கியதாகத் தெரியவில்லை. மேல் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தால், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கொஞ்ச நாள் சோர்ந்துதான் கிடக்கும். வலிக்குப் பயந்து நாமும் அரைகுறையாக மூச்சு விடுவோம். உடல் பருத்தவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சில மடங்கிப்போகும். அவற்றை விரிக்கத்தான் பந்துக் கருவி. பந்துகள் காட்டுவது நீங்கள் இழுக்கும் வேகத்தை. வழக்கமான கருவியில் முதல் பந்துக்கு விநாடிக்கு 600 மில்லிலீட்டர், அடுத்ததற்கு 900, மூன்றாவதற்கு 1200. வெடுக்கென்று மூன்றையும் துள்ள வைப்பதால் ஒரு பயனும் இல்லை. நிமிர்ந்து இருந்து, மெதுவாக உள்ளே இழுத்து, இரண்டு பந்தை மூன்று விநாடி மேலே நிறுத்தினால் அதுதான் சரியான பயிற்சி. ஊதக்கூடாது. பலர் ஊதுகிறார்கள்.

ஒன்லைனில் வாங்கியது வேறு சாமான். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் இழுக்கும் மூச்சைத் தடுத்துத் தசையைப் பலப்படுத்தும். நல்ல பயிற்சிதான். ஆனால் உங்களால் எவ்வளவு பலமாக இழுக்க முடியும் என்று அளந்து, பெரும்பாலும் அதில் 30 சதவீதம் அளவில் தொடங்கி, ஆறுதலாகக் கூட்ட வேண்டும். ஆளைப் பார்க்காத காணொளி இதைச் சொல்லித் தராது. உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள்.

வயிற்றுச் சத்தத்தை விடுங்கள். முடி சில மாதங்களில் கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். சொன்ன அளவு புரதம் சாப்பிடுங்கள். படியேறும்போது வாங்கும் மூச்சு, நின்றால் சில நிமிடத்தில் அடங்கி, நாளுக்கு நாள் குறைந்து வந்தால் கவலை வேண்டாம். மாலையில் மரைன் டிரைவில் மெல்ல நடவுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சும்மா இருக்கும்போதே திடீரென்று மூச்சுத் திணறினால், அல்லது ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அல்லது இரைப்பையைத் தைத்த இடம் கசியலாம். நெஞ்சு குத்து, ஒரு கால் மட்டும் வீங்குவது, இடது தோள் வலி, காய்ச்சல் இவையும் சேர்ந்து வரலாம். வராமலும் போகலாம், காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். சத்திரசிகிச்சை செய்த திகதியை ஏறியதுமே சொல்லுங்கள்.

இதனால்தான் வென்டோலின் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு ஆஸ்துமா என்று யார் சொன்னது? அந்த மருந்தே நெஞ்சைப் படபடக்க வைக்கும். அப்புறம் நாடி ஓடுவது மருந்தாலா, இரத்தக் கட்டியாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கே அதை அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள். அவருக்கும் அது தேவைப்படும்.