வாசகர் கேள்வி பதில்: சீன மாணவருக்கு 'டேக்' கற்பித்தல்

கேள்வி: சீனாவின் செங்டு நகரில் இருக்கும் சிலருக்கு இணையவழியாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'டேக்' என்னும் வினையின் பொருள்களைப் பட்டியலிட்டுக் கொடுத்த பிறகும், குளிசைக்கு 'ஈட்' என்றும் பஸ் பயணத்துக்கு 'சிட்' என்றுமே சொல்கிறார்கள். எவ்வாறு திருத்தலாம்?
– ஆசிரியை ஒருவர், உவர்மலை, திருகோணமலை.

பதில்: பட்டியலை முதலில் ஒதுக்கி வையுங்கள். படம் எடுப்பது, சோதனை எடுப்பது, ஓய்வு எடுப்பது, கொழும்புக்கு பஸ்ஸில் போக 6 அல்லது 7 மணித்தியாலம் எடுப்பது என்று நம்முடைய 'எடு' பல இடங்களில் 'டேக்' உடன் ஒத்துப் போவதால், இந்த வினை நமக்குப் பாதி தெரிந்ததாகவே வந்து சேர்ந்தது. சீன மொழியில் அந்த வசதி இல்லை. கையால் எடுப்பதற்கு 'நா' என்பார்கள்; குளிசையை உண்பார்கள்; பஸ்ஸில் 'அமர்வார்கள்'; படம் பிடிக்கவும் நேரம் செலவாகவும் வெவ்வேறு வினைகள் உண்டு. ஆகையால் 'டேக்' என்றால் என்ன என்று விளக்குவதை விட, குளிசை, பஸ், படம் என ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் வினையோடு சேர்த்தே மனத்தில் பதிய வைப்பதுதான் பயன் தரும். ஒரு பாடத்துக்கு இரண்டு பெயர்ச்சொற்கள் போதும்.

'டேக்', 'பிரிங்' வேறுபாட்டை மட்டும் அவசரப்படாமல் கற்பியுங்கள். அங்கே தமிழ் ஆசிரியருக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. சீனர் 'தாய்' என்னும் வினையோடு வருவதைக் குறிக்கும் 'லாய்' அல்லது போவதைக் குறிக்கும் 'ச்சூ' என்பதைச் சேர்த்துச் சொல்வது, நாம் 'கொண்டு வா', 'கொண்டு போ' என்று சொல்வதைப் போன்றதே. ஆனால், கேட்பவர் இருக்கும் இடத்துக்கு ஒன்றைச் சேர்ப்பிக்கும்போது ஆங்கிலமும் தமிழும் 'வருதல்' பக்கம் நிற்க, 'உன் வீட்டுக்குப் போகிறேன்' என்று கேட்பவரிடமே சொல்வது சீனத்தில் இயல்பு. அதனால்தான் செங்டுவிலிருந்து திருகோணமலைக்கு வரப்போகும் மாணவர், உங்களுக்குத் தேயிலை கொண்டு வருவதாகச் சொல்ல நினைத்து 'டேக்' என்று தொடங்கிவிடுவார். நீங்கள் இருவரும் இரு நாடுகளில் இருப்பதே இதற்கு நல்ல பயிற்சிக் களம்: அவர் உங்களுக்குத் தேயிலை தருவதாகவும், திரும்பும்போது இங்கிருந்து கருவாடு வாங்கிக்கொண்டு போவதாகவும் வைத்து, ஒவ்வொரு பொருளும் யாரை நோக்கிச் செல்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

காலம் காட்டும் வடிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீன வினைகள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பதால் 'நேற்று' என்று சொல்லிவிட்டு 'டேக்' என்றே தொடர்வார்கள். அப்போது இலக்கண விளக்கத்துக்குள் போகாமல், 'டுக்' என்று போட்டு வாக்கியத்தை நீங்களே ஒருமுறை முழுமையாகச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்ல வைத்தால் போதும்.