ஓக் வெனியரில் மின்னும் திட்டுகள்: குறையா, மரத்தின் இயல்பா?

கேள்வி: அலமாரிக் கதவுகளுக்காக வெள்ளை ஓக் வெனியர் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரச்சீவல்) ஷீட்டுகள் வாங்கியிருக்கிறோம். நேராக ஓடும் ரேகைக்குக் குறுக்கே ஆங்காங்கே பளபளப்பான திட்டுகள் தெரிகின்றன. குறையுள்ள சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஆசாரி. தேக்குக்கோ வால்நட்டுக்கோ மாறிவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் திட்டுகள் குறையல்ல, வெள்ளை ஓக்கை அடையாளம் காட்டுவதே அவைதான். எல்லா மரங்களிலும் நடுப்பகுதியிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்களைப் போல ஓடும் திசுக்கள் உண்டு. பல மரங்களில் அவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்கு நுண்ணியவை, ஓக்கிலோ அகலமானவை. அந்தக் கதிர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் கத்தி ஓடும்படி சீவுவதைத்தான் குவார்ட்டர் கட் என்கிறார்கள். அப்படிச் சீவும்போது கதிர்த் திசுவின் பக்கவாட்டு முகம் மேலே வந்து, ரேகையைக் குறுக்கிட்டு மின்னுகிறது. ஷீட்டைச் சன்னலருகே சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள்: பார்க்கும் கோணத்துக்கேற்ப மினுமினுப்பு கூடிக் குறைந்தால் அது கதிர்த் திட்டு, எந்தக் கோணத்திலும் மாறாமல் நின்றால் கறையாக இருக்கலாம்.

அடர்நிறச் சாயம் பூசினால் இத்திட்டுகள் சாயத்தைக் குறைவாகவே ஏற்று இன்னும் எடுப்பாகத் தெரியும் என்பதால், நிறமில்லாத பூச்சே ஓக்குக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. திட்டுகளே வேண்டாம் என்பவர்கள், கதிர்களுக்குச் சற்றே சாய்வாகச் சீவிய ரிஃப்ட் கட் கேட்டு வாங்கலாம். கட்டையைத் தட்டையாகச் சீவும் ‘கிரவுன் கட்’ முறையில் கோபுரம்போல் அடுக்கடுக்காக எழும் வரிகள் கிடைக்கும்.

ஓக்கில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது கருநீலக் கறை. அம்மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரத்தோடு இரும்பு பட்டால் கறுத்துவிடும். ஆகவே ஈரக் கையோடு ஷீட்டைத் தொடுவதையும், இரும்புக் கம்பி நாரால் தேய்ப்பதையும் ஆசாரி அறவே தவிர்க்க வேண்டும். கறை விழுந்துவிட்டால், பாலிஷ் போடுவதற்கு முன்பே ஆக்சாலிக் அமிலக் கரைசலால் அதைப் பெரும்பாலும் நீக்கிவிட முடியும்.

தேக்குக்கு மாறினாலும் கருவரிகள் இருக்கத்தான் செய்யும். அவை அதன் அழகு. புதிதாகச் சீவிய தேக்கில் காணப்படும் நிற வேறுபாடு, வெளிச்சம் படப்படப் பொன்பழுப்பாகி ஓரளவு சமனடையும். அமெரிக்கக் கறுப்பு வால்நட் இதற்கு நேர்மாறானது: ஊதா கலந்த அதன் அடர்பழுப்பு வெயிலில் வெளிறிக்கொண்டே போகும் என்பதால், சன்னலுக்கு எதிரே நிற்கும் அலமாரிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எந்த மரமானாலும், கதவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய, வரிசை எண் தொடரும் ஷீட்டுகளையே பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினால், மரத்தின் பெயர் ஒன்றாக இருந்தும் நிறமும் ரேகையும் மற்றக் கதவுகளோடு ஒட்டாது. ஆகவே கொப்புளம், பிளவு, மேல்தாள் தேய்ந்து அடிப்பலகை தெரிவது போன்ற உண்மையான சேதம் இருந்தாலன்றி ஷீட்டை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள்.