முழங்கால் தேய்மானத்துக்கு பிஆர்பி ஊசி போட்டா ஜவ்வு திரும்ப வளருமா?

அம்மாவுக்கு 58 வயசு, எக்ஸ்ரே பாத்துட்டு நாலு கிரேடுல மூணாவது கிரேடு தேய்மானம்னு சொல்லிட்டாங்க, வாரத்துக்கு ஒண்ணுன்னு மூணு பிஆர்பி ஊசி (நம்ம ரத்தத்தையே எடுத்து, பிளேட்லெட் ஜாஸ்தி இருக்கிற பகுதிய மட்டும் பிரிச்சு முட்டிக்குள்ள போடுறது) போட்டா தேஞ்ச ஜவ்வு, அதாவது எலும்பு முனைய மூடியிருக்கிற குருத்தெலும்பு, வளர்ந்துடும்னு கிளினிக்ல சொல்றாங்க, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க.

வளராதுங்க. நான் டாக்டர் இல்ல, ரெண்டு முட்டியும் தேஞ்சு போன ஆளு அவ்வளவுதான், ஆனா இதே பேச்சைக் கேட்டு இதே ஊசிய போட்டுக்கிட்டவன்.

இதுல வேடிக்கை என்னன்னா எனக்கு அந்த ஊசி வேலை செஞ்சுது. மூணாவது வாரமே வலி பாதிக்கு மேல கொறஞ்சு போச்சு, படி ஏறுறேன் இறங்குறேன், பாக்குற ஆளுங்ககிட்டலாம் போய் போடுங்க போடுங்கன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். எட்டு மாசத்துல பழைய வலி திரும்ப வந்து உக்காந்துடுச்சு, திரும்பப் போனா "இன்னொரு செட் போட்டுடலாம்"னாங்க. அப்பதான் சரி இதுக்கு ஆராய்ச்சி என்னதான் சொல்லுதுன்னு தேட ஆரம்பிச்சேன், இத முதல்லயே செஞ்சிருக்கணும்.

2021ல ஆஸ்திரேலியாவுல பண்ண ஒரு ஸ்டடி வந்துச்சு. 288 பேரு, எல்லாம் 50 வயசத் தாண்டினவங்க, உங்கம்மா மாதிரியே ரெண்டாவது மூணாவது கிரேடு தேய்மானம். பாதிப் பேருக்கு பிஆர்பி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி, யாருக்கு எது போச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா பிஆர்பி போட்டவங்களுக்கு பத்துக்கு 2.1 பாயிண்ட் வலி கொறஞ்சிருக்கு. உப்புத்தண்ணி போட்டவங்களுக்கு 1.8. ஸ்கேன்ல ஜவ்வு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் கொறஞ்சிருக்கு, வளர்ந்த கதையே இல்ல.

இதப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்ப எனக்கு வலி கொறஞ்சது பொய்யா? பொய் இல்ல, நிஜமாவே கொறஞ்சுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாம எப்ப டாக்டர்கிட்ட ஓடுறோம்? வலி உச்சத்துல இருக்கும்போது. இந்த வலி எப்பவும் ஒரே மாதிரி இருக்காது, ஏறும் இறங்கும், உச்சத்துக்கு அப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் போகுது, அந்த நேரம் பாத்து எத போட்டாலும் பேர் அதுக்குத்தான் போகும். அதோட ஊசி போட்டாச்சு இனி சரியாயிடும்ங்கிற நம்பிக்கை, அந்த நம்பிக்கைல கொஞ்சம் நடக்க ஆரம்பிக்கிறது, எல்லாம் சேர்ந்து. பிஆர்பி நல்லதுன்னு சொல்ற சின்ன ஸ்டடிகளும் இருக்கு, மறைக்கல, ரத்தத்துல இருந்து அத எடுக்கிற முறையே எடத்துக்கு எடம் மாறுது, ஆனா பேஷன்ட்டுக்குத் தெரியாம உப்புத்தண்ணியோட மோத விட்டா என்ன ஆகுதுங்கிறதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வியாதில இது புதுசும் இல்ல. 2002ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 180 பேருக்கு ஒரு ஸ்டடி பண்ணாங்க, சிலருக்கு முட்டிக்குள்ள குழாய் விட்டு கழுவுனாங்க, சிலருக்கு சுரண்டி சுத்தம் பண்ணாங்க, மீதிப் பேருக்கு தோல மட்டும் கீறி தையல் போட்டு ஆபரேஷன் ஆச்சுன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் வரைக்கும் பாத்தும் மூணு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. ஜவ்வுக்கு நல்லதுன்னு விக்கிற குளுக்கோசமைன் மாத்திரைக்கு 2006ல 1583 பேர வச்சு ஒண்ணு, அதுல சும்மா டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்லயே 60 சதவீதம் பேருக்கு வலி கொறஞ்சுது! எங்க வீட்டு அலமாரிலயும் அந்த டப்பா ரெண்டு இருக்கு.

ஸ்டீராய்டு ஊசி வேற கதை, அது சில வாரத்துக்கு நிஜமாவே கேக்கும், வீக்கமா இருக்கும்போது பிரயோஜனம்தான். ஆனா 2017ல வந்த ஸ்டடில மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வருஷம் போட்டுப் பாத்தாங்க, 140 பேரு, வலில உப்புத்தண்ணிய விட ஒண்ணும் மேல இல்ல, ஜவ்வுதான் அதிகமா தேஞ்சிருக்கு. அதனால அடிக்கடி போடுறதுன்னா யோசிங்க.

ஜவ்வு வளர வைக்கிற மருந்தே இல்லையான்னா, ஸ்ப்ரிஃபெர்மின்னு ஒண்ணு சோதனைல இருந்துச்சு, அதுல ஜவ்வு தடிமன் லேசா கூடுச்சு, நிஜமாவே, ஆனா வலி டம்மி ஊசிய விடப் பெருசா கொறையல. எனக்கு இதுதான் ரொம்ப நாள் மண்டைல ஓடுன விஷயம். ஜவ்வுல நரம்பே கிடையாதாம், வலி வர்றது எலும்பு, மூட்டச் சுத்தி இருக்கிற உறை, இதுல இருந்துல்லாம். அதான் எக்ஸ்ரேல நாலாவது கிரேடு இருக்கிறவர் பாட்டுக்கு நடந்து போவார், ரெண்டாவது கிரேடு ஆளு எந்திரிக்கவே முடியாம கெடப்பார். அதனால அந்த மூணாவது கிரேடப் பாத்து பயந்துடாதீங்க, அம்மா படி ஏறுறாங்களா, நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிக்கிறாங்களா, ராத்திரி வலில முழிக்கிறாங்களான்னு பாருங்க.

எதுதான் தாக்குப் பிடிக்குதுன்னா, எடையும் தசையும். ஒரு கிலோ கொறைச்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் நாலு கிலோ கொறையுதுன்னு அளந்தே காட்டியிருக்காங்க. 2024ல செமாக்ளுடைட்ங்கிற எடை கொறைக்கிற ஊசிய முட்டி வலியும் உடல் பருமனும் இருக்கிற 407 பேருக்குக் குடுத்துப் பாத்தாங்க, 68 வாரத்துல எடை 13.7 சதவீதம் இறங்குச்சு, வலி நூத்துக்கு 41.7 பாயிண்ட் கொறஞ்சுது, டம்மி ஊசிக்கு 27.5. அந்த 27.5ஐயும் கவனிங்க, பழைய கததான், ஆனா இந்தத் தடவ மருந்து அதத் தெளிவாவே தாண்டிடுச்சு. இது குண்டா இருக்கிறவங்களுக்குத்தான், டாக்டர் இல்லாம தொடக் கூடாது.

எனக்கு உதவுனது பிசியோ. ஆரம்பத்துல வலிக்குதே எதுக்கு ஆட்டணும்னு சண்ட போட்டேன், அவங்க சொன்ன கணக்கு என்னன்னா பயிற்சி பண்ணும்போது கொஞ்சம் வலிச்சா பரவால்ல, மறுநாளைக்குள்ள பழைய அளவுக்கு இறங்கிடணும், இறங்கலன்னா அளவ கொறைக்கணும். தொடை முன்பக்க தசைக்கும் இடுப்புக்கும் வாரம் மூணு நாள். மூணு மாசம் ஒண்ணுமே தெரியல, அதுக்கப்புறம்தான். இதுவும் மாயம் மந்திரம் இல்ல, விட்டா திரும்ப வந்துடும், ரெண்டு தடவ விட்டுப் பாத்துட்டேன். வலி ஜாஸ்தியான நாள்ல வலி மாத்திரைக்கு முன்னாடி மேல தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல், மாத்திரை வயித்தையும் கிட்னியையும் பதம் பாக்கும்.

ஆபரேஷன் பத்தி பயமுறுத்த மாட்டேன், முட்டி மாத்துறது வேலை செய்யுது. டென்மார்க்ல 2015ல 100 பேர வச்சுப் பாத்ததுல ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் வலி ஜாஸ்தி கொறஞ்சுது, சிக்கலும் அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி, ஆனா பயிற்சி, எடைன்னு மட்டும் போன 50 பேர்ல ஒரு வருஷத்துல ஆபரேஷனுக்கு வந்தது 13 பேருதான். அதனால அவசரம் இல்ல. முட்டி சூடா செவந்து வீங்கி காய்ச்சலும் வந்தா மட்டும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க, அது தேய்மானம் இல்ல.

கிளினிக்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, உப்புத்தண்ணிய விட இது எவ்வளவு மேலன்னு. நான் கேட்டப்ப எனக்கு ஊசி போட்டவரு சிரிச்சுட்டு பில் கவுன்டர் பக்கம் கை காட்டுனாரு. இப்பவும் படி இறங்கும்போது வலது முட்டி கடக் கடக்னு சத்தம் போடுது, வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேணாம்னு பிசியோ சொன்னாங்க, நானும் கண்டுக்கிறதில்ல.