இஸ்திரி வண்டியில் தொடங்குங்கள்

குறும்படம் எடுக்கும் மாணவர்களின் கேள்விகளுக்கு, 19 வருடம் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் வேலை பார்த்தவர் பதில் சொல்கிறார்.

அக்கா, நான் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 10 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. கல்லூரிக்குப் போகும் மகள் ஒரு வாரம் வண்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருவருடைய சட்டைப் பையில் அவளுக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது. இதுதான் கதை. முதல் காட்சியில் அலாரம் அடிக்கிறது, எழுகிறாள், பல் துலக்குகிறாள், கண்ணாடி பார்க்கிறாள், அப்பா இருமுகிறார், மாத்திரை கொடுக்கிறாள், சைக்கிளில் வண்டிக்குப் போகிறாள். 31 ஷாட், இரண்டரை நிமிடம். "இன்னும் யோசி" என்று எங்கள் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதை யோசிப்பது என்று புரியவில்லை.
– மாணவி, திருச்சி

காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எழுதிய உங்கள் ஷாட் டிவிஷனை இரண்டு முறை படித்தேன். கதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சட்டைப் பையில் கடிதம் என்றதும் அப்புறம் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவள் வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே படத்தில் கால்வாசி தீர்ந்துவிடுகிறது. அந்தக் கால்வாசி நேரமும் அவள் நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்கிறாள். இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுப் பற்றவைக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாணவர் படங்களில் அலாரத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். காரணமும் தெரியும். எழுத உட்காரும்போது அந்தப் பெண் யாரென்று நமக்கே இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. அதனால் அவள் கண் விழிப்பதிலிருந்து கூடவே நடந்து பார்க்கிறோம். எழுதுகிறவருக்கு அது தேவைதான். அந்தப் பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், நடிக்கிற பெண்ணிடம் கொடுங்கள். படத்தை வண்டியில் தொடங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு இஸ்திரி வண்டிப் பக்கம் போய், கேட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்காருங்கள். கேமரா வேண்டாம், நோட்டு போதும். உங்கள் கடிதம் வந்த மறுநாள் நானும் எங்கள் தெரு முனைக்குப் போனேன். அங்கே புங்க மரத்தடியில் ஓர் அம்மா தேய்க்கிறார். பெட்டியின் மூடியைத் திறந்து பழைய சாம்பலைத் தட்டினார். கரியை அடுக்கி, நடுவில் தேங்காய் நாரைச் செருகிப் பற்றவைத்தார். காற்று வரும் பக்கம் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். கரி சிவந்து அதன்மேல் சாம்பல் மெல்லிசாகப் படிந்த பிறகுதான் மூடினார். ஈரத் துணியில் அடிப்பக்கத்தை ஒரு இழு இழுத்தார், 'சுர்' என்றது. அப்புறம் சட்டையை விரித்தார். விரித்த கையோடு, பார்க்காமலேயே, விரல் பைக்குள் போய் வந்தது.

எனக்கு அந்த விரல் போதும். உங்கள் படமே அதில் இருக்கிறது.

கூடவே அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். துவைத்த துணிதானே தேய்க்க வரும், பையில் கடிதம் இருந்தால் கூழாகிப் போயிருக்காதா? அவர் சிரித்துவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். நாணயங்கள், ஊக்கு, சட்டைப் பித்தான், இவற்றோடு நாலைந்து வெள்ளை உருண்டைகள். துவைத்துக் காய்ந்த பஸ் டிக்கெட்டாம். தொட்டால் சின்னக் கல் மாதிரி இருந்தது. முழுசாகக் காகிதம் கிடைப்பது துவைக்காத துணியில்தான் என்றார். கல்யாணத்துக்கு ஒரு தரம் போட்ட பட்டுச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே தேய்க்கக் கொடுப்பார்கள் இல்லையா, அது மாதிரி. இது உங்கள் கதையில் இருந்த ஓட்டை. ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் அடைபட்டது. கடிதம் வரும் சட்டையைப் பட்டுச் சட்டையாக்கிவிடுங்கள். அது எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தது என்பதும் கதைக்கு உதவலாம்.

இனி முதல் காட்சி. நானாக இருந்தால் இப்படி வைப்பேன். கரியை விசிறும் கை, குளோஸ் அப். கரி பிடிக்கவில்லை, புகைகிறது. அவள் கண்ணைக் கசக்குவது அடுத்த ஷாட். இன்னும் இடத்தைக் காட்டவில்லை. ஒரு பெண்மணி குழந்தையின் பள்ளிச் சட்டையோடு வந்து நிற்கிறார், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷன் ஷாட். "அப்பா எங்கம்மா?" "நாளைக்கு வந்துடுவாரு." அப்பாவைப் பற்றி இவ்வளவு போதும். வண்டிக் கம்பியில் அவருடைய துண்டு தொங்கட்டும், கீழே அவர் செருப்பு கிடக்கட்டும். இப்போது வைட் ஷாட்: பெரிய வண்டி, அதன் பின்னால் சின்னதாக அவள். அவசரத்தில் பையைப் பார்க்காமல் பெட்டியை வைக்கிறாள். பெட்டி எதிலோ இடித்து நிற்கிறது. விரலை விட்டு எடுக்கிறாள், காய்ந்த காகித உருண்டை. மேலே தொங்கும் அப்பாவின் டப்பாவில் போடப் போனால், அதில் ஏற்கெனவே அரை டப்பா உருண்டைகள். அடுத்த சட்டையை விரித்ததும் முதலில் பைக்குள் விரல் போகிறது. அங்கே படத்தின் பெயரைப் போடுங்கள். ஏழெட்டு ஷாட், 75 விநாடிக்குள் அடங்கும். பின்னால் அவள் மடிப்புக் கலையாத கடிதத்தை எடுக்கும்போது, இது துவைக்காத சட்டை என்று பார்க்கிறவர்களே புரிந்துகொள்வார்கள்.

எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு டேக்கில் தேய்த்த சட்டை அடுத்த டேக்கில் கசங்கலாக இருக்காது. ஒரே மாதிரி நான்கு சட்டை வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்து, நனைத்துப் பிழிந்து கசக்கி, காயவைத்துத்தான் அடுத்த டேக் போக முடியும். அதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். நடிக்கிற பெண் முந்தின வாரம் மூன்று நாளாவது காலையில் போய்ப் பழக வேண்டும். கரிப் பெட்டி ஐந்தாறு கிலோ இருக்கும், புதுக் கை அதைத் தூக்கித் தூக்கி வைக்கும். பழகின கை இழுக்கும். கதையில் அவளும் புதுசுதான் என்றாலும், அப்பா தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவள். நெருப்பு உண்மையான நெருப்பு என்பதால் நைலான் துப்பட்டா வேண்டாம், பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும்.

மரத்தடியில் எடுப்பதானால் நிழல் நகரும். ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரே இடத்தில் நின்று மணிக்கு ஒரு போட்டோ எடுங்கள். வெயில் எப்போது அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் வைட் ஷாட்டை முடித்துவிட வேண்டும். குளோஸ் அப்பை, முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் பிடித்து எப்படியும் சமாளிக்கலாம். மார்கழியில் எடுக்காதீர்கள். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். இரண்டு ஷாட்டை ஒட்டினால் பாட்டு நடுவில் குதிக்கும். பேக்கப்புக்கு முன்னால் எல்லோரையும் ஒரு நிமிடம் வாயை மூடச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் கைகொடுக்கும்.

இன்னொன்று, முதல் காட்சி முழுவதையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். என் முதல் குறும்படம் திருவையாற்றுப் படித்துறையில் தொடங்குகிறது. ஜனவரி கடைசி வாரத்தில் பாதியை எடுத்தேன், ஆறு நிறைய தண்ணீர். மீதிக்குப் பிப்ரவரி நடுவில் போனால் மணல்தான் இருந்தது. டெல்டா பாசனத்துக்கான தண்ணீரை மேட்டூரில் ஜனவரி 28இல் நிறுத்துவது வழக்கம். ஊரில் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. பாதிக் காட்சியை வைத்துக்கொண்டு ஜூன் வரை காத்திருக்க முடியாமல் கதையையே மாற்றினேன். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'க்கு முதல் நாள் படப்பிடிப்பை 1952 அக்டோபரில், நாணல் பூத்துக் கிடந்த வயலில் வைத்தார். மீதியை எடுக்க அடுத்த வாரம் போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த வருடம் நாணல் பூக்கும்வரை அவர் காத்திருந்து எடுத்தார். கல்லூரியில் உங்களுக்கு அப்படி ஒரு வருடம் கொடுக்க மாட்டார்கள்.

புதிய ஷாட் டிவிஷனை எழுதியதும் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

கடற்கரையில் விடிகாலை மீன் ஏலம். அங்கிருந்து கதாநாயகி கூடையோடு சந்து வழியாக வீட்டுக்கு வரும்வரை, நான்கு நிமிடம், கட் இல்லாமல் ஜிம்பலில் (நடக்கும்போது கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) ஒரே ஷாட்டாக எடுக்க ஆசை. செய்யலாமா?
– மாணவர், நாகர்கோவில்

செய்யலாம் தம்பி, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிகாலையின் அந்த நீல வெளிச்சம் மிஞ்சினால் 40 நிமிடம் நிற்கும். ஷாட் நான்கு நிமிடம். எல்லோரும் திரும்பிப் பழைய இடத்துக்கு வந்து நிற்கப் பத்து நிமிடம். அப்படியென்றால் ஒரு விடியலுக்கு மூன்று டேக். ஏலம் உங்களுக்காக இரண்டாம் முறை நடக்காது. முதல் டேக்கில் மீன் குவியலாக இருக்கும், மூன்றாவது டேக்கில் கூடைகள் கிளம்பிப் போயிருக்கும். யாராவது ஒரு பையன் கேமராவைப் பார்த்துக் கையசைப்பான், நிச்சயம்.

இரண்டாகப் பிரியுங்கள். ஏலத்தை ஒரு நாள், சந்து வழி நடையை இன்னொரு நாள். சந்துக்குள் நுழையும் இடத்தில் கூடை லென்ஸை மறைத்துக்கொண்டு போகட்டும், அந்த இருட்டில் ஒட்டிக்கொள்ளலாம். மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சுமக்கிறவர் முதுகில் சொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது சொட்டும்போது கேமரா அவள் பின்னாலேயே போனால் கட் எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.

நான்கு நிமிடமும் அவள் ஏன் நடக்கிறாள் என்பது மட்டும் தெரிய வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் வீடு சேர வேண்டுமா, யாரிடமாவது கடனுக்கு எடுத்த மீனா, யார் கண்ணிலும் படாமல் போகிறாளா? இதில் ஒன்றை முடிவு செய்துவிட்டால் நடையின் வேகமும் கேமராவின் வேகமும் தானாக முடிவாகிவிடும்.

எங்கள் எட்டு நிமிடப் படத்தில் கல்லூரிச் சின்னம், துறையின் பெயர், நன்றி அட்டைகள், குழுவினர் பெயர்கள் எல்லாம் சேர்ந்து தொடக்கத்திலேயே 50 விநாடி ஓடுகிறது. முதல் காட்சியின் வேகம் இதனால் கெடுமா?
– மாணவி, ஈரோடு

கெடும். எட்டு நிமிடப் படத்தில் 50 விநாடி என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல். கல்லூரிச் சின்னம் கட்டாயமென்றால் நான்கு விநாடி போட்டு முடியுங்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குக் கடைசியில் நிதானமாக, படிக்கிற வேகத்தில் நன்றி சொல்லுங்கள். வீட்டைக் கொடுத்த பாட்டியின் பெயர் வேகமாக ஓடி மறைவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கும்.

முதல் காட்சி விடுதி அறையில், இரவு, டியூப் லைட் வெளிச்சத்தில். போனில் எடுத்துப் பார்த்தால் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடுகிறது. என்ன செய்வது?
– மாணவர், சேலம்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். ஷட்டரைக் கையால் மாற்ற விடும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு 1/50 விநாடியில் வையுங்கள். விநாடிக்கு 24 பிரேமில் எடுத்தாலும் 25இல் எடுத்தாலும் அதே 1/50தான். ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் 120க்குப் பதில் 100 பிரேம், ஷட்டர் 1/100. உங்கள் போனில் 100 பிரேம் இல்லையென்றால் அந்த அறையில் ஸ்லோ மோஷனை விட்டுவிடுங்கள். மலிவான எல்இடி பல்புகளிலும் இதே தொல்லை உண்டு.

படப்பிடிப்புக்கு முந்தின இரவே அதே அறையில், அதே விளக்கில் ஒரு நிமிடம் எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். மெல்லிய பட்டை போன் திரையில் கண்ணுக்குத் தப்பிவிடும்.